அம்மா சொன்ன ஸ்டார்ட்

மகள் தன் புதுக் காரில் ஒரு பொத்தானைத் தொட்டாள். சத்தமே இல்லை. "ஸ்டார்ட் ஆயிருச்சும்மா, போலாமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, காஜா பெராங் ஊரில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. லாரி ஓட்டிய அப்பாவுக்கு அடுப்பு புகைந்தாலும் ஸ்டார்ட், தம்பி அழுதாலும் ஸ்டார்ட், மழை தூறினாலும் ஸ்டார்ட். தட்டில் கைவைப்பதற்கும் அவர்தான் "ஸ்டார்ட்" சொல்ல வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா அன்று காலை பாடாங் திடலுக்குப் போகத் தெருவே லாரியில் ஏறி நின்றது. அப்பா முன்னால் நின்று எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கம்பியைச் சுழற்ற, அது எதிர்த்து உதைத்ததில் அவர் மணிக்கட்டு சுளுக்கிவிட்டது.

"ஒரு கையால ஓட்டிருவேன், ஸ்டார்ட் பண்ண முடியாதே!" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"கட்டைவிரலால சுத்திப் பிடிக்காத புள்ள, ஒடைச்சிரும்!" என்றார் அப்பா.

"தெரியும். தினம் பாக்கறேன்ல."

மூன்றாவது சுற்றில் லாரி உறுமியது. "மெர்டேக்கா!" என்று தெருவே கத்தியது.

மத்தியானம் சோறு பரிமாறியதும் பழக்கப்படி அப்பாவைப் பார்த்தோம். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெட்கத்தோடு, "ஸ்டார்ட்" என்றாள்.

மகள் இன்னும் காத்திருந்தாள்.

"ஸ்டார்ட்!" என்றேன்.