வெள்ளிக்கிழமை முறை

யாகோப்பு அண்ணையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடையாது. அவர் சந்தியைக் கூட்டிய பதினொரு வருடத்தில் நான் தும்புத்தடியைக் கையில் பிடித்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். சனிக்கிழமை ஊர்கூடிக் கூட்டுகிற சிரமதானத்துக்குப் போவேன். தேத்தண்ணி ஊற்றுவேன். வந்தவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதுவேன். ரீச்சர் என்றபடியால் ஒருவரும் என்னைக் குனியச் சொன்னதில்லை, நானும் குனியவில்லை. ஆனால் அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவருக்கு வந்த கடிதத்தை வாசித்ததும், அவர் சொல்லச் சொல்ல எழுதியதும் நான்தான். ஆகவே இதையும் நானே எழுதவேண்டியிருக்கிறது.

நாவாந்துறையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் முஸ்லிம்கள் இருக்கும் சோனகதெருப் பக்கம் போகும் வீதி தொடங்கும். இரண்டும் முட்டுகிற சந்தியில் ஒரு குப்பைமேடு இருந்தது. குப்பை லொறி கிழமைக்கு இரண்டு முறை வந்த காலத்திலேயே அது குறைந்ததில்லை. எண்பத்துமூன்றுக்குப் பிறகு லொறி எப்போதாவது வந்தது, பிறகு வராமலே விட்டது. மேட்டைப் பார்த்தே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். மீன் செதிலும் திருக்கை முள்ளும் எங்களுடையவை. துணித்துண்டும் ஆட்டுக்கொம்பும் அவர்களுடையவை. தேங்காய் மட்டைக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. மழை பெய்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிணற்றடி வரைக்கும் வரும்.

எண்பத்துநான்கு மாரியில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம் வந்தது. யாகோப்பு அண்ணை அப்போது ஐம்பது வயது வள்ளக்காரர். அவர் கூட்டமும் வைக்கவில்லை, ஒருவரையும் கேட்கவுமில்லை. ஒருநாள் காலை கடலால் வந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டை வெட்டத் தொடங்கினார். மற்றப் பக்கத்திலிருந்து தையற்கடை நளீர் ஒரு கடகத்தோடு வந்து நின்றார். நளீருக்கு முப்பத்தைந்து இருக்கும், வாய் ஓயாது. அண்ணை நாலு சொல் பேசினால் அது பெருநாள். இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

வெட்டி அள்ள மூன்று கிழமை எடுத்தது. குப்பை திரும்பி வர மூன்று நாள்தான் எடுத்தது. அப்போதுதான் எங்கள் சனசமூக நிலையத்துச் செயலாளர் கிறிஸ்துநாயகம் ஒரு வழி சொன்னார். சந்தியில் ஒரு கூடு கட்டி அந்தோனியார் சுரூபத்தை வைத்துவிடலாம் என்றார். எங்கள் ஆட்களிடையே அது கைகண்ட வைத்தியம். சுரூபத்தைக் கடக்கும்போது தோளில் கிடக்கிற துவாயை எடுத்துக் கையில் பிடிக்கிறவர்கள், அதற்கு முன்னால் மீன்குடலைக் கொண்டுபோய்க் கொட்டுவார்களா? பக்கத்து ஒழுங்கையில் சுரூபம் வைத்த அன்றைக்கே குப்பை நின்றது. நானும் அதுதான் சரி என்றேன், எனக்கு வேலை மிச்சம்.

நளீர் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக மெதுவாகக் கதைத்தார்.

"யாகோப்பண்ணை, சுரூபம் வைச்சால் சந்தி துப்புரவாகும்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் எங்கடை பிள்ளையள் ஓதப் போற வழி இதுதான். பிறகு இது உங்கடை சந்தியாப் போயிரும்."

யாகோப்பு அண்ணை மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப வைக்கேல்லை," என்றார். "கையாலை கூட்டுவம். வெள்ளி காலமை நீங்கள், சனி நாங்கள்."

அவ்வளவுதான் ஒப்பந்தம். கொப்பியில் அதை எழுதினது நான். அவர் அந்தோனியாரில் பக்தி இல்லாத மனிதர் என்று யாரும் நினைக்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறவர். வீட்டுச் சுவரிலும் அந்தோனியார், வள்ளத்தின் அணியத்திலும் அந்தோனியார். சந்தியில் மட்டும் இல்லை.

ஒரு வருடத்தில் அந்த இடத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். செவ்வரத்தை இரண்டு, நித்தியகல்யாணி ஒரு வரிசை, சுற்றிவர சோடாப்போத்தல்களைத் தலைகீழாகப் புதைத்துக் கட்டிய வேலி, உட்கார ஒரு உடைந்த வள்ளத்துப் பலகை. நளீர் தன் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அண்ணையின் மனைவி லூர்த்தம்மா மட்டும் மசியவில்லை. "வீட்டு முத்தத்தைக் கூட்டச் சொன்னால் நாரி நோகுது, இடுப்பு நிமிர்த்தேலாது எண்டுவார். ஊர்க் குப்பையெண்டால் நோவெல்லாம் பறந்திடும்," என்று தேத்தண்ணிக் கேத்திலை என் கையில் தரும்போதெல்லாம் சொல்லுவா.

எண்பத்தேழில் சண்டை வந்தது, செடிகள் பட்டுப்போயின, திரும்ப நட்டார்கள். தொண்ணூறில் கோட்டைச் சண்டை. ஓடினோம், திரும்பி வந்தோம், பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. அப்போதும் வெள்ளி அவர்கள் கூட்டினார்கள், சனி நாங்கள் கூட்டினோம். ஒருவரும் அதைப் பெரிய காரியமாக நினைக்கவில்லை.

அதே வருடம் ஒக்ரோபர் முப்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் போகவேண்டும். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டும். நாங்கள் சந்தியில் நின்று பார்த்தோம். துவக்குக்குப் பயந்து நின்றோம் என்று சொல்லலாம், அது உண்மைதான். அந்த உண்மையால் எனக்கு இன்றுவரை வெட்கம் குறையவில்லை. நளீர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கோயிலால் வந்த யாகோப்பு அண்ணை குறுக்கே போய் நின்றார். ஓயாத வாய்க்காரருக்கு அன்றைக்கு ஒரு வசனம்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு ஆளில்லை, அண்ணை."

"நான் பாக்கிறன்," என்றார் இவர். "நீ வரும்வரைக்கும் பாக்கிறன்."

அந்த வெள்ளிக்கிழமை அவர் தனியாகப் போய்க் கூட்டினார். மறுநாள் சனிக்கிழமை எங்களோடும் வந்து கூட்டினார். அப்படியே ஐந்து வருடம் போயிற்று. வாசிக்க இலகுவாக இருக்கும், கூட்டினவருக்குத்தான் தெரியும் அதன் பாரம். ஆளில்லாத தெரு என்றால் எங்கிருந்தெல்லாமோ குப்பை வரும். கதவும் நிலையும் கழற்றிக்கொண்டுபோன வீடுகளின் இடிபாடு வேறு. கடலுக்குப் போகத் தடை, வள்ளம் கரையில் காய்ந்தது. மனிதர் ஒருநேரச் சாப்பாட்டோடு மண் அள்ளினார். சனிக்கிழமை வருகிறவர்கள் இருபதிலிருந்து பத்தாகி, பத்து நாலாகியது. கொப்பியில் பெயர் எழுதுகிற என் வேலையும் சுருங்கிவிட்டது.

தொண்ணூற்றொன்றில் கிறிஸ்துநாயகம் மறுபடியும் கூட்டம் வைத்தார். அவரும் கெட்ட மனிதரில்லை, அண்ணையின் நாரியை நினைத்துத்தான் வைத்தார்.

"இப்ப ஆருக்கு இடைஞ்சல்? அந்தோனியாரை வைப்பம். நாளைக்கே குப்பை நிக்கும். நீங்களும் ஆறுதலா இருக்கலாம்."

"அவங்கள் வந்தால் எடுக்கலாமோ?" என்று அண்ணை கேட்டார்.

"வைச்ச சுரூபத்தை எடுக்கிறதோ? என்ன கதை கதைக்கிறியள்?"

"அப்ப வைக்கப்படாது."

கை உயர்த்தச் சொன்னார்கள். வைக்கலாம் என்று நானும் உயர்த்தினேன். எல்லோரும் உயர்த்தினோம். ஆனால் யாகோப்பு அண்ணை ஒத்துக்கொள்ளாமல் கூடு கட்ட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவர் எழும்பி, "அந்தோனியார் என்னோடை கோவிக்கமாட்டார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு அவரில் எரிச்சல்தான் வந்தது. ஒரு மனிதருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் புறுபுறுத்தேன்.

தொண்ணூற்றுமூன்றில் நளீரின் கடிதம் வந்தது. புத்தளத்து முகாமிலிருந்து யார் யார் கையாலோ மாறி, எழுதி ஆறு மாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. அண்ணை அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் வாசித்தேன். ஓலைக் கொட்டில், தண்ணீருக்கு வரிசை, மூத்த பிள்ளைக்கு மலேரியா. கடைசியில் இப்படி இருந்தது:

"அண்ணை, நீங்கள் இன்னும் தனியச் சந்தியைக் கூட்டுறதா கேள்விப்பட்டன். காணும், விடுங்கோ. நாங்கள் இனி வருவமெண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கடை அந்தோனியாரை அதிலை வையுங்கோ. எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை."

எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. அவிழாத முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அண்ணையின் முகம் செத்தவீட்டுக்குப் போனவரின் முகம்போலிருந்தது.

"ரீச்சர், உந்தக் கடைசிப் பகுதியை ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

"ஏன் அண்ணை? அவரே சம்மதிச்சு எழுதியிருக்கிறார்."

"உவன் களைச்சுப்போய் எழுதியிருக்கிறான். களைச்ச ஆளின்ரை சொல்லை வாங்கப்படாது." கடிதத்தை மடித்தார். "நான் சுரூபத்தை வைச்சால், அவன் வரமாட்டான் எண்டு நானும் சொன்னமாதிரி."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் நாரி பிடித்துப் பாயில் விழுந்தார். அந்த மாதம் வெள்ளிக்கிழமைகளில் லூர்த்தம்மா போய்க் கூட்டினா. கூட்டும்போது அவரையும் நளீரையும் ஊரையும் ஒருசேரத் திட்டினா, ஆனால் ஒரு மூலையையும் விடவில்லை. "விட்டால் இந்த மனிசன் பாயோடை எழும்பி வரும்," என்று என்னிடம் சொன்னா. அந்த மாதத்தில் இரண்டு வெள்ளி நானும் குனிந்தேன். மேலே சொன்ன விரல்விட்டு எண்ணுகிற கணக்கில் அவையும் சேர்த்தி.

தொண்ணூற்றைந்து. அதே ஒக்ரோபர், அதே முப்பதாம் திகதி. மறுபடியும் ஒலிபெருக்கி. இந்தமுறை போகவேண்டியவர்கள் நாங்கள். ஆமி வருகிறது, எல்லோரும் தென்மராட்சிக்குப் போங்கள் என்றது. மழையில், நாவற்குழிப் பாலத்தில், ஒரு அடி வைக்க அரைமணி நேரம் நின்று நகர்ந்தோம். அந்தச் சனத்துக்குள் நின்றபோதுதான், நளீர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை எனக்கு விளங்கியது. ஐந்து வருடம் பிந்தி விளங்கியது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பதினாலு குடும்பம் இருந்தோம். வாசலில் சேறு, சோற்றுப்பார்சல் தாள், பிள்ளைகளின் அசிங்கம் எல்லாம் கிடந்தன. யாகோப்பு அண்ணை சுவரில் சாய்ந்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கிழமையாக அவர் ஒரு விளக்குமாறைத் தேடவில்லை. லூர்த்தம்மா என்னிடம் வந்து, "ரீச்சர், எனக்குப் பயமாக் கிடக்கு. இவர் குப்பையைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்," என்றா. முன்பென்றால் நான் சிரித்திருப்பேன்.

அன்று பின்னேரம் அவரே என்னைக் கூப்பிட்டு, நளீருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். கொப்பியில் ஒரு ஒற்றைத் தாளைக் கிழித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"நளீர், நாங்களும் வெளிக்கிட்டிட்டம். இப்ப நானும் உன்னைப்போலைதான். இனி ஒருத்தரும் அங்கை திரும்பிப் போகமாட்டம். சந்தியைக் கூட்டினது விசர் வேலை எண்டு எழுதுங்கோ, ரீச்சர். நீ சொன்ன நேரம் அந்தோனியாரை வைச்சிருக்க வேணும். என்ரை நாரியாவது மிஞ்சியிருக்கும்."

நாலு வருடமாக என் வாய்க்குள் இருந்த வார்த்தைகள் அவை, ஒன்றுகூடப் பிசகில்லை. கூட்டத்தில் கையுயர்த்தியபோது நான் நினைத்ததும் அதுதான். இப்போது அவர் வாயால் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. களைத்த ஆளின் சொல்லை வாங்கக்கூடாது என்று சொன்னவர் இவர்தானே. நான் அதை வாங்கவில்லை. பேனையை ஓடவிட்டேன், ஆனால் எழுதியது வேறு. முடிந்ததும், "வாசிச்சுக் காட்டுங்கோ," என்றார். வாசித்தேன்.

"நளீர், நாங்களும் வெளிக்கிட்டிட்டம். சாவகச்சேரியில் இருக்கிறம். போன சனிக்கு முதல் சனி சந்தியைக் கூட்டிப்போட்டுத்தான் வந்தனான். செவ்வரத்தை பூத்துக் கிடந்தது. சுரூபம் ஒண்டும் வைக்கேல்லை. நாங்கள் திரும்பிப் போனால் வெள்ளிக்கிழமை உங்கடை முறை."

அண்ணை கண்ணைத் திறக்கவில்லை.

"நான் உப்பிடியோ சொன்னனான்?"

"ஓம்," என்றேன்.

"அப்ப அனுப்புங்கோ."

பிறகு சுவரைப் பிடித்து மெதுவாக எழும்பினார். வாசலில் நின்று சேற்றையும் தாள்களையும் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன கிழமை, ரீச்சர்?"

"வெள்ளி," என்றேன்.

அவர் விளக்குமாறு கேட்கவில்லை. குனிந்து, கையால் தாள்களைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் கொப்பியை வைத்துவிட்டுப் போய்க் குனிந்தேன்.