நெல்சனின் கையும் ஒரு பாத்தி கேரட்டும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ராயபுரம் நெல்சன் பிழைத்தது கையால். துறைமுகத்தில் அவர் சிக்னல்மேன். கப்பல் இரைச்சலில் யார் பேச்சும் எடுபடாது. அவர் தலைக்கு மேல் கையைச் சுழற்றினால் வின்ச் சரக்கைத் தூக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கும். இரண்டு கைகளையும் மார்போடு கோத்துப் பிடித்தால் வேலை முடிந்தது, யாருக்கும் அடியில்லை என்று அர்த்தம். சாயங்காலம் தெருமுனையில் நின்று, மூன்றாவது மாடியில் காத்திருக்கும் மனைவி கிறிஸ்டினாவுக்கும் மகள் ஜூடிக்கும் அந்தக் கடைசி சைகையைக் காட்டிவிட்டுத்தான் படியேறுவார். ஓய்வு பெற்ற பிறகு காப்பி கேட்கவும் கையைத்தான் சுழற்றினார். கிறிஸ்டினா அதைக் கண்டுகொள்வதில்லை.

ஜூடி இப்போது ஸ்காட்லாந்தில் நர்ஸ். அவள் கணவன் ஆண்ட்ரூ ஒரு காலத்தில் நெல்சனின் கையைப் பார்த்து வின்ச் ஓட்டியவன். மாடியிலேயே வளர்ந்த ஜூடிக்கு மண் என்றால் உயிர். வருஷக்கணக்காகக் காத்திருந்து, அந்த ஊர் நிர்வாகம் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு ஒன்றைப் பிடித்திருந்தாள். ஜூன் வந்தது, வினையும் வந்தது. அங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். செடி வளர்கிறதோ இல்லையோ, களை தூங்காமல் வளர்கிறது. ஒரு நாள் தகவல் வந்தது, மறுநாள் அதிகாரி பார்க்க வருகிறார். களை மண்டியிருந்தால் தோட்டம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஜூடிக்கு அன்றைக்கென்று டியூட்டி. ஆண்ட்ரூவுக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாது.

"மாமா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று வீடியோவில் வந்தான்.

நெல்சனுக்கும் தெரியாதுதான். அதை ஒப்புக்கொண்டால் அவர் நெல்சன் இல்லையே. கிறிஸ்டினா மார்க்கெட்டில் கீரைக்கடை போட்டவள். இலையைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்வாள். ஆண்ட்ரூ தோட்டத்துக்குப் போய் போனை ஒரு கம்பில் கட்டினான். அங்கே காற்று பேயாய் அடித்ததில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேச்சு எதுக்கு, கை கீது" என்றார் நெல்சன்.

கிறிஸ்டினா சொல்ல, நெல்சன் கையைக் காட்ட, ஆண்ட்ரூ வேலை செய்தான். சுழற்றினால் பிடுங்கு, கவிழ்த்தால் விட்டுவிடு. களை மூட்டை மூட்டையாக வெளியேறியது. பீன்ஸ் கொடி குச்சியில் ஏறியது. தக்காளிச் செடியின் கக்கத்துக் கொழுந்துகள் கிள்ளப்பட்டன. முட்டைக்கோசுக்கு வலை போர்த்தியாயிற்று.

"கொத்தமல்லியாட்டம் கீதே, அது கேரட்டு. அத்தத் தொட வாணாம்னு சொல்லு" என்றாள் கிறிஸ்டினா. நெல்சன் உள்ளங்கையைக் கவிழ்த்தார். மிச்சம் வரப்பு ஓரக் களைதான் என்று அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

அப்போது பார்த்து கரண்ட் போனது. போனில் வீடியோ மட்டும் போகவில்லை. ராயபுரத்து ஜூன் புழுக்கம் சொல்ல வேண்டியதில்லை. நெல்சன் கண்ணை மூடிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டைத் தலைக்கு மேல் விசிறிபோல் சுழற்றினார். நன்றாக, நிதானமாகச் சுழற்றினார்.

வின்ச் ஓட்டுகிறவன் யோசிக்கக் கூடாது, கையை மட்டும் பார்க்கணும். ஆண்ட்ரூவுக்கு இதைச் சொல்லி வைத்தவரே நெல்சன்தான்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினுகீற?" கிறிஸ்டினாவின் குரலில் கண் விழித்தார். ஒரு பாத்தி கேரட் முழுக்க மண்ணுக்கு வெளியே கிடந்தது. விரல் பருமன்கூட இல்லை. பக்கத்தில் ஆண்ட்ரூ, அடுத்த உத்தரவுக்குக் காத்து நின்றான்.

அன்று இரவு நெல்சனுக்குச் சோறு இறங்கவில்லை. சரக்கு விழுந்தால் பொறுப்பு சிக்னல்மேனுடையது, வின்ச்காரனுடையது அல்ல. ஜூடி கூப்பிட்டதும், "மாப்ளய ஒண்ணும் சொல்லாத. கை என்னுது" என்றார்.

"காலைல பாத்துக்கலாம்ப்பா" என்று ஜூடி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அதிகாரி வந்துபோனதும் ஜூடி மறுபடி வீடியோவில் வந்தாள். தோட்டத்தில் நின்றாள், பக்கத்தில் வெறும் பாத்தி. வாய் அசைந்தது, காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. நெல்சன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார். இனி ஜென்மத்துக்கும் எடுப்பதில்லை என்று முடிவு.

ஜூடி பேசுவதை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் மார்போடு கோத்துப் பிடித்துக் காட்டினாள்.

"இன்னாவாம்?" என்றாள் கிறிஸ்டினா, தெரிந்துகொண்டே.

நெல்சன் கைகளை வெளியே எடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். ஃபேன் அப்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.