வெள்ளையடித்த சுவரில் ஒரு நண்டு

ஸ்ப்ரே டப்பாவை முதன்முதலாகக் கையில் எடுப்பவனுக்கு, அழுத்தி அடித்துத் தீர்க்க வேண்டும் என்ற வெறிதான் வரும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடத்தைவிடப் பிரம்பை நம்பியவன். என்னிடம் அடி வாங்கிய பையன்களில் ஒருவனுக்கு விரல் கோணிப் போனது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்குப் போய், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்சுவரில் கிராஃபிட்டி பழகுகிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். சொல்லிக்கொடுத்தவள் ஓவியம் படித்த ஒரு பெண்.

அவள் சொன்னதெல்லாம் எளிமையானது. உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஓடும்வரை டப்பாவைக் குலுக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை ஓட்ட வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகே டப்பாவின் மூக்கை அழுத்தவும், கை நிற்பதற்கு முன்பே விரலை எடுக்கவும் வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பெயின்ட் ஒழுகிவிடும். வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அடித்தால் மூக்கு அடைக்காது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்று எப்போதும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்ள வேண்டும்.

என் கோடுகள் எல்லாம் ஒழுகின. சிவப்பை எடுத்தால் சுவரில் ஆளை வெட்டிச் சாய்த்ததுபோல் இருந்தது. "சார், செவுத்த அடிக்காதீங்க சார், தடவிக் குடுங்க" என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் பழைய எக்ஸ்ரே படங்களைப் பிளேடால் வெட்டி, நான் வரைய நினைத்த ஒரு நண்டின் உடம்புக்கும் கால்களுக்கும் அச்சுகள் செய்தேன். அச்சைச் சுவரோடு ஒட்டப் பிடித்து, நேரெதிரே நின்று, லேசாக இரண்டு மூன்று தடவை அடித்தால் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் வரும்.

அவள் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: குறி போட்ட சுவரைத் தொடக் கூடாது. எங்கள் பக்கத்தில் தேர்தல் வருவதற்கு எவ்வளவோ முன்பே கட்சிக்காரர்கள் சுவர் பிடித்துவிடுவார்கள். வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் எழுத்தையும் ஆண்டையும் நீலத்தில் போட்டுவிட்டால், எதிர்க்கட்சிக்காரன்கூட அதில் கைவைக்க மாட்டான்.

எண்ணூர் சாலையில் அப்படி ஒரு சுவர் இருந்தது. மூலையில் இருந்த குறியை நான் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த வெண்மை என்னை இழுத்தது. குறியின் மேல் கறுப்பை அடித்து, அந்த இடத்தையே ஒரு கொடுக்காக்கினேன். ஒரு சொட்டுகூட ஒழுகாத முதல் நண்டு அது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அதைப் பார்க்கப் போனபோது, சுவர் எழுதும் ஆள் ஒருவர் ஏணியைச் சாத்திவிட்டு நண்டின் மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, கீழே உட்கார்ந்து வர்ணம் கலந்துகொண்டிருந்தான். நான் சுண்ணாம்பு வாளியை எட்டி உதைத்தேன். அவர் இறங்கி வந்தார்.

"இன்னா நைனா, மார்க் போட்டுகீற செவுரு, கண்ணு தெரியலியா?"

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் உதறித் தள்ளியதில் மண்ணில் விழுந்தேன். முழங்கை கிழிந்தது. எதிரே டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் என்னவோ செய்தது. பையிலிருந்து டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்த்தேன். அவரோ என்னைத் தூக்கிவிடத்தான் குனிந்தார். "கைய குடு நைனா" என்று நீட்டிய கையை விட்டுவிட்டு, அவர் முகத்தில் அடித்தேன். விரலை எடுக்காமல் அடித்தேன்.

அவர் அலறிக்கொண்டு சுவரில் மோதி விழுந்தார். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே கறுப்பு. மச்சான் ஓடிவந்தான். பெயின்ட் பட்டால் அதைக் கரைக்கும் தின்னர் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். கைக்கும் அதுதான், துணிக்கும் அதுதான். துணியைத் தின்னரில் முக்கி மாமனின் வலது கண்ணில் வைத்துத் தேய்த்தான்.

நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். தின்னர் கண்ணை என்ன செய்யும் என்பதை எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். 'தண்ணி ஊத்து' என்ற இரண்டு சொற்கள் என் வாயில் இருந்தன. நான் சொல்லவில்லை. எரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து துணியைப் பிடுங்குவதற்குள் அந்தக் கண் வெந்துவிட்டது.

பிறகு மச்சான் ஏணிக்கட்டையால் என்னை அடித்தான். காரையெலும்பு முறிந்தது, இரண்டு பற்கள் போயின. அது எனக்கு வசதியாகிவிட்டது. காவல் நிலையத்தில் நான் அடிபட்ட கிழவன், படித்தவன். பயத்தில் விரல் அழுந்திவிட்டது என்றேன், அப்படியே எழுதிக்கொண்டார்கள். தின்னரைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தக் கண் பறிபோனதையும், அக்காள் தம்பியை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்பதையும் டீக்கடைக்காரர்தான் சொன்னார். கண்ணை எடுத்தது அவன் கை என்று அவள் அழுகிறாளாம். அவன் குடித்துவிட்டு, தன் கையைச் சுவரில் குத்திக் குத்தி உடைத்துக்கொண்டானாம்.

தோள் கூடிய பிறகு அவர் வீட்டைத் தேடி வியாசர்பாடிக்குப் போனேன். குடியிருப்பின் மூன்றாம் மாடியில், அவர் தாழ்வாரச் சுவரில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். தூரிகை சுவருக்கு முன்னாலேயே நின்றது, இல்லையென்றால் போய் இடித்தது. மனைவி வாசலை மறித்து நின்றாள். நான் அங்கேயே நின்று, வேண்டுமென்றே அடித்தேன் என்றேன். அதை அவர் முன்பே அறிந்திருந்தார் போலிருந்தது. பிறகு தின்னரைப் பற்றிச் சொன்னேன்.

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "அவன் தேய்க்க சொல்லோ, தப்புன்னு உனுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே குந்திகினு பார்த்தியா?"

"ஆமாம். உங்க மச்சானுக்குத் தெரியாது. அவன் மேல தப்பில்ல."

மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவர் என்னை நோக்கி வந்து முழு பலத்தோடு கையை வீசினார். ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடவில்லை. அடி என் முகத்துக்கு முன்னால் காற்றில் போனது. நிலை தடுமாறிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓரடி முன்னால் போய் நின்றேன்.