வெள்ளிக்கிழமைக்காரி

குமாசி நகரில் சந்தைக்குப் பின்புறம் ரொட்டி சுட்டு விற்கும் அஜோவா செர்வாவுக்கு வாய் ஓயாது. எரிய மறுக்கும் அடுப்பைத் திட்டுவாள். நன்றாக எழும்பிய ரொட்டியைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டுவாள். பல ஆண்டுகள் காத்திருந்து கருவுற்றபோது, வயிற்றுக்குள் இருந்த பிள்ளையோடும் அப்படியே பேசினாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனின்போது மருத்துவர் அம்போஃபோ திரையை நெடுநேரம் பார்த்திருந்தார். குழந்தையின் இதயத்தில் பெரிய துளை. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கைகள் இறுக மூடியிருந்தன. பனிக்குட நீரைச் சிறிது ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அவர் எதையும் மழுப்பவில்லை.

"பதினெட்டாவது குரோமோசோம் ரெண்டு இருக்கணும்மா. உங்க பொண்ணுக்கு மூணு இருக்கு. இதுக்கு மருந்து கெடையாது. இது நீங்க செஞ்ச தப்பும் இல்ல."

"பொழைப்பாளா?"

"வயித்துலயே போயிடலாம். உயிரோட பொறந்தாலும் கொஞ்ச நேரம், மிஞ்சினா சில நாள். வேண்டாம்னு இப்பவே நிறுத்திக்கறதுக்கும் சட்டத்துல இடமிருக்கு. நீங்க என்ன முடிவெடுத்தாலும் நான் கூட இருப்பேன்."

செர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு மூச்சு இருக்கறப்பவே ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிடணும், டாக்டர். எனக்கு அது போதும்."

அந்த ஊரில் பிறந்த கிழமையே ஒருவருக்கு முதற்பெயர். திங்களில் பிறந்த செர்வா, அஜோவா. செவ்வாயில் பிறந்த அவள் கணவன் ஒபோக்கு, க்வாபெனா; அதே நாளில் பெண் பிறந்தால் அபெனா. ஆனால் பிறந்த குழந்தை, எட்டாம் நாள் பெயர்சூட்டு விழா வரை விருந்தாளிதான் என்பதில் ஒபோக்குவின் அக்கா போக்குவா உறுதியாக இருந்தாள். "தங்குவாளான்னே தெரியாது. பேரு எதுக்குடி இப்ப?"

டாக்சி ஓட்டும் ஒபோக்கு, சோதனை முடிவு வந்த நாளிலிருந்து மனைவியின் வயிற்றைத் தொடவே இல்லை.

பிரசவத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமையை மருத்துவர் குறித்தார். செர்வா சிரித்துவிட்டாள். "கேட்டியா ஒபோக்கு? உன் நாளு! அபெனா வரப்போறா. உன்னை மாதிரியே முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வருவா, பாரு."

"வாய மூடு" என்ற ஒபோக்கு வெளியே போய், துடைத்து வைத்திருந்த வண்டியையே மறுபடியும் துடைத்தான்.

அபெனா, அபெனா என்று மாவு பிசையும்போதெல்லாம் அவள் அழைத்தாள். ஆனால் குறித்த நாளுக்கு முன்பே, முழங்கை வரை மாவு ஒட்டியிருக்கையில் வலி எடுத்தது. அப்படியே அவளை வண்டியில் ஏற்றி ஒபோக்கு பறந்தான்.

குழந்தை உயிரோடு பிறந்தது. செவிலி ஃப்ரேமா அதைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்தினாள். மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"அபெனா..." என்று தொடங்கிய செர்வா திடுக்கிட்டு நிறுத்தினாள். வலியில் நாள் மறந்திருந்தது. "இன்னிக்கு என்ன கெழமை? யாராவது சொல்லுங்களேன்!"

"எட்டு நாள் ஆகட்டும்டி" என்றாள் வாசலில் நின்ற போக்குவா. அவள் குரலும் உடைந்திருந்தது.

அவளைத் தாண்டி வந்து ஒபோக்கு கட்டிலருகே மண்டியிட்டான். மூடிய சிறு கைக்குள் தன் சுண்டுவிரலை மெல்ல நுழைத்தான்.

"வெள்ளிக்கிழமை" என்றான். "அஃபியா. அம்மா நாளும் வேணாம், அப்பா நாளும் வேணாம்னு, தனக்குன்னு ஒரு நாள் பாத்து வந்திருக்கா. வாடி என் அஃபியா!"

செர்வாவும் அழைத்தாள். ஃப்ரேமாவும் அழைத்தாள். வெயில் தாழ்ந்து அந்த மூச்சு அடங்கும்வரை அந்த அறையில் அப்பெயர் ஓயவில்லை. கடைசியாக வாசலை விட்டு உள்ளே வந்த போக்குவா, "அஃபியா, நான் உன் அத்தைடி" என்று மெதுவாகச் சொன்னாள்.

ரொட்டி வாங்க வரும் புதியவர்கள், "எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?" என்று இன்றும் கேட்பதுண்டு.

"ஒருத்தி" என்பாள் செர்வா, ரொட்டியைத் தாளில் சுற்றியபடி. "வெள்ளிக்கிழமைக்காரி."