பீதர் மதரஸாவின் மாடி அறைகள்

திருப்பதியில் ஆர்கிடெக்சர் படித்த வருஷங்களில் அவளும் நானும் ஹாஸ்டலில் ஒரே அறை. நான் புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். அவள் சித்தூர்க்காரி. வீட்டில் உருது, கடைத்தெருவில் தெலுங்கு, என்னோடு மட்டும் தமிழ்.

மூன்றாம் வருஷம் கர்நாடகத்துப் பீதர் மதரஸாவை அட்டையில் மாடலாகச் செய்யச் சொன்னார்கள். ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால், பாரசீகத்திலிருந்து வந்த மந்திரி ஒருவர் கட்டிய மார்க்கக் கல்விச்சாலை அது. நடுவில் முற்றம், சுற்றிலும் உயரமான பாடக் கூடங்கள், மூன்று அடுக்கில் மாணவர்கள் தங்கும் சிறு அறைகள். பிற்காலத்தில் படைக்காரர்கள் அங்கே வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, முகப்பில் பாதியும் ஒரு மினாரும் சிதறிப்போயின.

மாடி அறைகளுக்கு ஜன்னல் வெட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "அவ்ளோ தூரத்துலருந்து படிக்க வந்தவங்களுக்கு வூட்டு ஞாபகம் வந்தா இன்னா பண்ணியிருப்பாங்க?"

"ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்திருப்பாங்க."

"எக்ஸாம் முடியட்டும். நாமளும் போய் நிப்போம்."

எக்ஸாம் முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை துபாயில். மீதிப் படிப்பை அங்கே முடித்து வேலை தேடிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள். இரண்டு குழந்தைகள் ஆயின, படிப்பை முடிக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை.

போன வருஷம் ஆபீஸ் விஷயமாக ஹைதராபாத் போன நான், மறுநாள் பஸ் பிடித்துப் பீதரில் இறங்கினேன். மிஞ்சிய மினாரின் நீலமும் மஞ்சளுமான ஓடுகளைப் பார்த்ததும் போனை எடுத்தேன். வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டேன். சமையலறையில் இருந்தாள்.

"என்னை வுட்டுட்டு நீ மட்டும் போய்ட்டியா?" என்றாள். பிறகு கோபம் தணிந்து, "சரி, மெதுவா காட்டு" என்றாள்.

முற்றத்தைச் சுற்றிக் காட்டினேன். மாடி அறைகளை நோக்கி போனை உயர்த்தினேன்.

"அங்க காத்து வருதா?"

"வருது."

முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். "லீவுக்கு வரும்போது என்னையும் இட்டுக்கினு போ. 'நான் பார்த்தாச்சு'ன்னு சொல்லித் தப்பிக்காதே."

அந்த லீவுக்கு அவள் வரவில்லை. சின்னவனுக்கு உடம்பு சரியில்லை. இந்தக் கோடைக்கும் வரவில்லை. ஹைதராபாத்துக்கு நான் இரண்டு முறை போய்வந்துவிட்டேன். பீதர் பஸ் நிற்கும் பக்கம் போகவே இல்லை.