கடைசி வண்டியின் சிவப்பு விளக்கு

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மான் கண்டெய்னர் யார்டின் வாட்ச்மேன் ஓர் ஆப்பிரிக்கர்; நெட்டையான, ஒல்லியான ஆள். ஊரில் சரக்கு ரயில் கார்டாக இருந்தவர். ரயில்வேயைத் தனியாரிடம் கொடுத்தபோது வேலை போய்விட்டது.

எங்கள் டிரெய்லர்கள் வரிசையாக வெளியேறும்போது, கடைசி வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக் கையை உயர்த்திய பிறகே கேட்டை மூடுவார்.

“ரயில்தான் போச்சே, இன்னும் எதுக்கு பாய் இது?” என்று யார்டில் எல்லோரும் பேசும் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன்.

“ரயில்ல கடைசிப் பெட்டியோட விளக்கு தெரிஞ்சாத்தான் நடுவுல எந்தப் பெட்டியும் கழண்டு நிக்கலைன்னு அர்த்தம்” என்றார்.

பொறாமையாக இருந்தது. பதினோரு வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறேன். நாளைக்கே விசாவை ரத்து செய்தால் என் கையில் இப்படி எந்தத் தொழிலும் ஒட்டியிருக்காது.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே கடைசியாகக் கிளம்பினேன். கண்ணாடியில் அந்தக் கை தினமும் உயர்ந்தது. ஒருநாளும் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை, விளக்கைத்தான் பார்த்தார்.