வெறும் பாட்டிலில் வந்த மீன்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூத்தவளான அக்காவுக்கு 'வடிகட்டி' என்று பட்டப்பெயர். பதினொரு வருடமாகக் கடல்நீரை வடிகட்டுவதுதான் அவள் வேலை. மீன் நீந்திப் போன தண்ணீரில் அதன் சளியும் செதிலும் கொஞ்சம் உதிர்ந்து கிடக்கும். வடிதாளில் தங்கும் அந்தத் துணுக்கின் மரபணுவை வைத்து எந்த மீன் என்று சொல்லிவிடலாம். முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்த வருடம் ஒரே ஓர் இடம். நாற்பது வயதானால் மனுவே வாங்க மாட்டார்கள். அக்காவுக்கு முப்பத்தொன்பது.

இருபது வருடமாக யார் கண்ணிலும் படாத ஒரு மீனின் தடயம் அவள் எடுத்த தண்ணீரில் கிடைத்தது. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம்.

ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடல்நீரோடு, சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலையும் அதே மேசையில் வடிகட்ட வேண்டும். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால், தடயம் கடலில் இருந்ததல்ல, மேசையிலிருந்து ஒட்டியது என்று அர்த்தம். நேர்காணலுக்கு முந்தின நாள் அதன் முடிவு வந்தது. அதிலும் அதே மீன்.

"வடிகட்டின அன்னைக்குக் காலையில இந்த மேசையில யாராவது எதையாவது திறந்தீங்களாடி?" என்று கேட்டாள் அக்கா.

நான்தான் திறந்தேன். இருபது வருடத்துக்கு முன் பிடித்து, ஜாடியில் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்த அந்த மீனின் வால்துண்டை, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில். பிறகு மேசையைத் துடைத்தேன். துடைத்த லட்சணம் இப்போது தெரிந்தது.

"நான்தான்க்கா. மன்னிச்சிடு. அந்த ஒரு முடிவை மட்டும் காட்டாம விட்டுடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? இதை நம்பி நாலு பேரு படகை எடுத்துக்கிட்டுத் தேடப் போவாங்கடி."

மறுநாள் நேர்காணலுக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். அந்த முடிவுத் தாளைத்தான் அவள் முதலில் எடுத்து வைத்தாள். பேராசிரியர் முகம் செத்துப்போனது.

"யாரோட கவனக்குறைவு இது?"

நான் குனிந்து கோப்புகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"மேசை என் பொறுப்பு சார்" என்றாள் அக்கா.

இடம் வேறொருவருக்குப் போனது. திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வந்தாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. சுத்தமான தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "இன்னையிலேர்ந்து இதை நீ வடிகட்டு" என்றாள்.

அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது. பேராசிரியரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.